சகலையைவிட இருபது மில்லிவோல்ட்

மாதத்துக்கு ஒருநாள் எங்கள் ஊரில் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஷட்டவுன் என்றுதான் ஊரே சொல்லும். அன்றைக்கு இலுப்பூர் கடைத்தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிடக்கும். நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் சென்டர். பட்டா நகல், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், பயிர்க் காப்பீடு, ஜெராக்ஸ் என்று ஓடுகிற கடை. ஷட்டவுன் அன்று இன்வெர்ட்டரில் பதினோரு மணி வரை தாக்குப்பிடிப்பேன். பிறகு அது கீ கீ என்று கத்த ஆரம்பிக்கும். பன்னிரண்டுக்கெல்லாம் படுத்துவிடும்.

எதிர்க்கடையும் கம்ப்யூட்டர் சென்டர்தான். அது ஐந்து மணி வரை ஓடும். அதே கம்பெனி இன்வெர்ட்டர், அதே வயசு பேட்டரி, அதே கம்ப்யூட்டர். அந்தக் கடைக்காரர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன்.

சுற்றி வளைக்கப் போவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இருட்டுக் கடையில் விசிறியைக் கையில் வைத்து வீசிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மானிட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் கடைக்கு வரும் ஆள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார், "கரண்டு இல்லையாக்கும்?" என்பார், சாவகாசமாக ரோட்டைத் தாண்டிப் போவார். போகிற ஒவ்வொரு முதுகையும் எனக்கு இன்றைக்கும் அடையாளம் தெரியும்.

புதுப் பேட்டரி வாங்க வேண்டியதுதானே என்று என் மனைவி கேட்டாள். வாங்கலாம்தான். ஆனால் அவர் பழைய பேட்டரியில் ஓட்டும்போது நான் புதுசு வாங்கினால் நான் தோற்றேன் என்று நானே போர்டு எழுதி மாட்டிய மாதிரி. வாங்கவே மாட்டேன் என்றுவிட்டேன்.

அந்த இரண்டு கம்ப்யூட்டரும் வந்த கதையைச் சொன்னால்தான் என் யோக்கியதை விளங்கும். சகலை துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தார். எங்கள் மாமனாருக்குக் குடுமியான்மலைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விவசாயம். சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்துக் கடை வைத்துத் தருகிறேன் என்று கிளம்பினார். என்னிடம் அப்போதே கடை இருந்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் இருந்தது. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "மூத்த மாப்ளைன்னு ஒருத்தன் இருக்கறதே ஒங்கப்பாவுக்கு மறந்து போச்சா?" என்று மனைவியைக் கிளப்பிவிட்டேன். அவள் போய் ஒரு பாட்டம் அழுதாள்.

மாமனார் உடனே சரி என்றார். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு எவர்சில்வர் தூக்கு எடுத்தால் மற்றவளுக்கும் அதே அளவில் எடுப்பவர். தீபாவளிக்கு எங்களுக்கு எடுக்கும் வேட்டியில் கரை நிறம்கூட மாறாது. எங்கள் இரண்டு பேரையும் திருச்சிக்குக் கூட்டிப்போய், ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு எடுத்தார். கடைக்காரன் எங்கள் முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிட்டான். போட்டோ டிசைன் பண்ணலாம், பிளக்ஸ் போர்டு பண்ணலாம் என்று பெரிய ப்ராசசராகத் தலையில் கட்டினான். எங்கள் கடைகளில் நடக்கிற வேலைக்கு அது கறிவேப்பிலை வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

"மூத்தவரு மொதல்ல எடுக்கட்டும்" என்றார் மாமனார். சகலையும், "ஆமாண்ணே, நீங்க எடுங்க" என்று ஒதுங்கி நின்றார். மூடி ஒட்டிய இரண்டு பெட்டி. உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று தெரிந்தும், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி இரண்டையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்தேன். மிச்சம் இருந்தது அவருக்குப் போனது.

சகலை என் கடைக்கு நேர் எதிரில் இடம் பிடித்தபோது ஊரில் நாலு பேர் என் வாயைக் கிண்டினார்கள். நான் வெளியே சிரித்தேன். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் மாமனார்தான். இலுப்பூருக்கு வந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக என் கடைக்குத்தான் வருவார். என் கடையில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். அவர் நிலத்துப் பேப்பர் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். அப்புறம்தான் எதிர்க்கடைக்கு ஒரு எட்டுப் போய் நின்றுவிட்டு வருவார். அவர் டீ குடிக்கும் நேரத்தில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன். எதிர்க்கடைக்குக் கேட்க வேண்டுமில்லையா?

ஷட்டவுன் ரகசியம் எனக்கு ஒரு காதுகுத்து வீட்டில் கிடைத்தது. பந்தியில் என் கொழுந்தியாள் என் மனைவியிடம் பெருமை பீற்றிக்கொண்டிருந்தாள்.

"அவுக என்னத்தையோ நோண்டி கம்ப்யூட்டரோட வேகத்தையும் வோல்ட்டேஜையும் கொறைச்சுட்டாகக்கா. இப்ப பாதிக் கரண்டுதான் இழுக்குதாம். காத்தாடி சத்தமே இல்ல. உள்ள தொட்டுப் பாத்தா சுடக்கூட மாட்டேங்குது."

எனக்கு ரசம் இறங்கவில்லை. பெட்டி ஒன்றுதானே, எப்படி என்று மூன்று மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இவர் உள்ளே கைவைத்திருக்கிறார்!

மறுநாளே செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். விஷயம் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ப்ராசசர் என்பது விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு சில்லு. லட்சக்கணக்கில் செய்கிறவன், அதில் எந்தச் சில்லும் தடுமாறக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட்டேஜ் வைத்து அனுப்புகிறான். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் பயாஸ் என்று ஒரு நீலத் திரை வரும். அதற்குள் போய் அந்தத் தாராளத்தைக் குறைக்கலாம். வேகத்தையும் இறக்கிவிட்டால் இன்னும் மிச்சம். பட்டா நகல் எடுக்க அந்த வேகம் எதற்கு? கரண்டு குறையும், சூடு குறையும், பேட்டரி நீடிக்கும். குறைப்பதை மில்லிவோல்ட்டில் சொல்கிறார்கள், எண் கூடக் கூடக் குறைப்பு அதிகம். ஆயிரம் மில்லிவோல்ட் ஒரு வோல்ட். எவ்வளவு குறைக்கலாம் என்பது சில்லுக்குச் சில்லு மாறும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அந்த இடம் வந்தால் நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டியது சகலையின் எண் ஒன்றுதான்.

அவரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பேனா நான்? ஏ4 பேப்பர் தீர்ந்துவிட்டது, ஒரு கட்டுக் கொடுங்கள் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். என் கடையில் நாலு கட்டு இருந்தது.

"வாங்கண்ணே, ஒக்காருங்க. இங்கிட்டு வாரதே இல்லையே நீங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேப்பர் எடுக்க உள்ளே குனிந்தார். அந்த நேரத்தில் என் கண் அவர் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் போனது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பேனாவால் எழுதி ஒட்டி வைத்திருந்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக 50, 60, 70, 80, 90, 100. கடைசியில் இருந்த நூறைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம்.

எனக்கு அது போதும். படிப்படியாகக் குறைத்து நூறில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார், வட்டம் வேறு போட்டுக் கொண்டாடியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பேப்பர் கட்டை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். அவர் நூறு என்றால் நான் நூற்றிருபது.

ஏன் இருபது கூட என்கிறீர்களா? நூறே போட்டால் அவரைப் பார்த்துப் போட்டது ஆகிவிடும். இருபது கூட்டினால் அது என் சொந்த வேலை. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

போட்டேன். வேகத்தையும் இறக்கினேன். ஓடியது! இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. காத்தாடிச் சத்தம் அடங்கிப் போனது. மனைவியைக் கூப்பிட்டு, "பெட்டியில கைய வச்சுப் பாரு" என்றேன். "ஆமாங்க, சில்லுன்னு இருக்கு" என்றாள். அன்றைக்கு நான் எதிர்க்கடையைப் பார்த்துச் சும்மாவே ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவர் பாவம், பதிலுக்குச் சிரித்துத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் ஷட்டவுன். அதே நாள்தான் சம்பா நெல்லுக்குக் காப்பீடு பதியக் கடைசி நாளும். மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. கரண்டு வருவதும் ஐந்து மணிக்கு.

ஒன்பதரைக்கெல்லாம் மாமனார் வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புத்தக நகல். அடங்கலில் முந்தின நாள்தான் விஏஓ கையெழுத்துக் கிடைத்திருக்கிறது, அதனால்தான் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது. போன வருஷம் அவர் காப்பீடு செய்யவில்லை. கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரத்தில் நாலு நாள் மழை பிடித்து, சாய்ந்த பயிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. பதிந்திருந்தவர்களுக்குக் கைக்கு ஏதோ வந்தது. இவருக்கு ஒன்றும் இல்லை. அந்த வருஷம் முழுக்க என் மாமியார் கழுத்து மொட்டையாக இருந்ததை நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"மாப்ளை, போன வருசம் மாதிரி ஆயிரக் கூடாது" என்றார் பையை என் கையில் கொடுத்து. "களையெடுக்க ஆளு விட்டிருக்கேன், நான் நின்னாத்தான் வேலை நடக்கும். சாயந்திரம் வந்து ரசீத வாங்கிக்கிறேன். கரண்டு இல்லையே, ஆயிருமா? இல்ல, சின்னவருட்டக் குடுத்துரட்டுமா?"

சுருக்கென்றது. "ஏன் மாமா, என் கடையில ஓடாதா? இன்னைக்குப் பாருங்க, அஞ்சு மணி வரைக்கும் ஓடும்" என்றேன். டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினார்.

அவர் பெயர், சர்வே எண், பரப்பு எல்லாம் ஏற்றினேன். பேப்பர்களை ஸ்கேன் பண்ணினேன். பதினோரு மணிக்கு அவர் செல்போனுக்கு ஓடிபி போனது. போன் போட்டு அந்த எண்ணைக் கேட்டு வாங்கினேன். தட்டினேன். திரை அப்படியே உறைந்து நின்றது. மவுஸ் அசையவில்லை. பத்து வினாடியில் நீலமாகி, தானாக அணைந்து எழுந்தது.

வாசலில் காப்பீடு பதிய நாலைந்து பேர் நின்றார்கள். நான் திரும்பி, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் எவனும் சொல்கிற அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"சர்வர் பிராப்ளம்ங்க. கடைசி நாளு பாருங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பதியிறாங்க."

மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். பாதியில் மறுபடி நின்றது. வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி எதிர்க்கடைப் பக்கம் போய், பத்து நிமிஷத்தில் ரசீதோடு திரும்பி வந்தாள், விட்டுவிட்டுப் போன குடையை எடுக்க.

"சர்வரு அங்கிட்டு நல்லா இருக்குங்க. இங்கிட்டு மட்டுந்தான் பிராப்ளம் போல" என்றாள். மிச்சம் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போனார்கள்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. சும்மா பட்டா நகல் எடுக்கும்போது தாங்கிய சில்லு, ஸ்கேனரும் பத்துப் பக்கமும் ஒரே நேரத்தில் மேலே விழுந்ததும் கரண்டு போதாமல் மயங்கி விழுகிறது. பயாஸுக்குள் போய்ப் பழையபடி வைத்தால் தீர்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நூற்றிருபதை நூற்றுப்பத்து ஆக்கினேன். நின்றது. நூற்றைந்து ஆக்கினேன். நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நூறு வைத்தேன். அதிலும் நின்றது. அதற்குக் கீழே போக என் கை வரவில்லை. அவர் நூறில் ஓட்டுகிறார், நான் தொண்ணூறா? ஒரே கடையில், ஒரே நாளில், நான் முதலில் தேர்ந்தெடுத்த பெட்டி! அப்படியானால் நல்ல சில்லை என் கையாலேயே அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்றல்லவா ஆகிறது? அந்த நினைப்புதான் என்னை உட்காரவிடாமல் அடித்தது.

இதற்கு நடுவில் மாமனாரிடமிருந்து போன். வயலில் ஆட்கள் பேசும் சத்தம் பின்னால் கேட்டது.

"ஆச்சா மாப்ளை?"

"ஆச்சு மாமா" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. இல்லை மாமா, மெஷின் மக்கர் பண்ணுது என்றால் அடுத்த வார்த்தை சின்னவரிடம் கொடுங்கள் என்றுதான் வரும். அதைக் கேட்க முடியாமல்தான் ஆச்சு என்றேன். அவர், "நல்லாருங்க" என்று வைத்துவிட்டார். மனைவி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணைத்து அணைத்துப் போட்டதில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்து, மதியத்தோடு முழுசாகப் படுத்துவிட்டது. இனி நினைத்தாலும் எண்ணை மாற்ற முடியாது. மஞ்சள் பையை மேஜை மேல் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். சில ஷட்டவுனில் கரண்டு முன்னதாகவே வந்துவிடும். மூன்றரைக்கு வரும், நாலுக்கு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. எதிரே சகலையின் கடையில் கூட்டம் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தது. அவரும் ஒருதடவை வெளியே வந்து, "என்னண்ணே, ஏதும் வேணுமா?" என்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.

நாலேகாலுக்கு என் மனைவி வாயைத் திறந்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை.

"எங்கப்பாவோட நெல்லுங்க அது" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் தெரு இருபதடி அகலம் இருக்கும். அதைத் தாண்ட எனக்கு அன்றைக்கு ஒரு யுகம் ஆயிற்று. டீக்கடையில் இருந்த எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையில் எவனும் பார்க்கவில்லை.

சகலை கையை நீட்டி வாங்கினார். பையைப் பிரித்தார், பேப்பர்களைப் பார்த்தார், "அட, மாமாவோடதா?" என்று மணியைப் பார்த்தார், உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். அந்தக் கடை குளுகுளுவென்று இருந்தது. மானிட்டரில் வெளிச்சத்தைக்கூடப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார். பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. எனக்கு அந்த நேரத்திலும், மாமனார் வயல் கண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்த நேரத்திலும், அந்த அமைதியைக் கேட்டு வயிறு எரிந்தது என்றால் என்னைப் பற்றி வேறென்ன சொல்ல?

ஓடிபி போகும் இடம் வந்தது. அவர் செல்போனை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆச்சுன்னு சொல்லிட்டேன்" என்றேன். "பதினொன்னரைக்கே."

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று பயந்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் கோபப்பட்டிருக்கலாம். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போன் போட்டார்.

"மாமா, நான் சின்னவன் பேசுறேன். ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க... ஆமா மாமா, அண்ணன் பதிஞ்சுட்டாக. நான் சும்மா இங்கிட்டு ஒருதடவ சரிபாக்குறேன்... ஆங், சொல்லுங்க."

ஆறு எண்களையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். நாலு நாற்பதுக்கு ரசீது பிரிண்டரில் வந்து விழுந்தது. சூட்டோடு எடுத்து என்னிடமே நீட்டினார்.

"நீங்களே மாமாகிட்டக் குடுத்துருங்கண்ணே."

நான் நன்றி சொல்லவில்லை. எனக்கு வாயில் வந்தது வேறு. "ஒங்க சில்லு நல்ல சில்லு" என்றேன். "நூறு தாங்குது. எனக்கு வாய்ச்சது நூத்துல நிக்க மாட்டேங்குது."

"நூறா? யாருண்ணே சொன்னா?"

நான் காலண்டர் தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேப்பர் கட்டு வாங்க நான் வந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"அது நின்னுபோன எடம்ணே. அம்பதுலருந்து ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தேன். நூறு வச்சதும் ஒரு நிமிசத்துல படுத்துருச்சு. அதான் போகக் கூடாதுன்னு வட்டம் போட்டு வச்சேன். இப்ப எழுவதுலதான் ஓடுது." பிறகு ஆர்வமாகக் கேட்டார், "நீங்க எவ்வளவு வச்சீங்க?"

"நூத்திருவது."

"நூத்திருவதுல ஓடுச்சா?"

"ரெண்டு நாள்."

"ஆத்தாடி!" என்று உண்மையான ஆச்சரியத்தோடு எழுந்தே விட்டார். "ரெண்டு நாளா? அப்ப என்னோடதவிட ஒங்களுதுதாண்ணே நல்ல சில்லு. எம்பது வச்சா அசையாம ஓடும்ணே அது. நீங்க அன்னைக்குத் தட்டிப் பாத்து எடுத்தது சரியாத்தான் எடுத்திருக்கீங்க."

அவர் கேலி பண்ணவில்லை. அதுதான் தாங்கவில்லை. என்னிடம் இருந்ததுதான் நல்லது. அதை வைத்துக்கொண்டு அவருடையதைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு நின்றுபோன எண்ணைத் திருடி, அதற்கும் மேலே இருபது கூட்டி, என் சில்லின் குரல்வளையை நானே நெரித்திருக்கிறேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

ஐந்து மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி கரண்டு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, பயாஸுக்குள் போய் எண்பது வைத்தேன். சகலை சொன்ன எண் என்பதால் எழுபத்தைந்து வைக்கலாமா என்று ஒரு யோசனை ஓடியது. மனைவி பக்கத்தில் நின்றாள். எண்பதே வைத்தேன்.

ஐந்தரைக்கு மாமனார் வந்தார். காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. என் மனைவி டீ வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்தாள். நான் ரசீதை இரண்டு கையாலும் கொடுத்தேன். பெயர் சரியா, சர்வே எண் சரியா என்று கண்ணை இடுக்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அடியில் பதிந்த சென்டரின் எண் பொடி எழுத்தில் இருந்தது. அதை அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. பத்திரமாக மடித்து, பாஸ்புத்தக நகலுக்குள் வைத்தார்.

"காலையில பதினோரு மணிக்கு ஒரு நம்பர் வந்துச்சு" என்றார். "சாயந்திரம் நாலரைக்கு மேல ஒரு நம்பர் வந்துச்சு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்கு ஒண்ணு சொன்னேன், அவருக்கு ஒண்ணு சொன்னேன். எப்பயும் ரெண்டு பேருக்கும் சமமாத்தான் மாப்ளை குடுத்திருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கோடு நின்ற மகளிடம், "எனக்கு வேணாத்தா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சகலை டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.